முன்வாசலில் ஐந்து கோடு

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க ஒரு தம்பி வந்திருந்தார். தோளில் வயர் சுருள், கையில் ட்ரில் மிஷின். செருப்பைக் கழற்றியதும் நேராக முன்வாசல் சுவரில் துளை போடப் போனார். "வயரு கம்மியா புடிக்கும் சார், இங்கயே மாட்டிடலாம்" என்றார். வாசலில் ரூட்டரை மாட்டினால் பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும், போகிற வருகிற தண்ணீர் லாரிக்கெல்லாம் நான் ஏன் இணையம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். வீட்டின் நடுவில் வையுங்கள், ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள், ஃபிரிட்ஜுக்கும் இரும்பு பீரோவுக்கும் தள்ளி வையுங்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். இந்த விஷயத்தில் என்னை யாராலும் நிறுத்த முடியாது என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தம்பிக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

அவருக்கு ஒரு ஸ்குரூ தேவைப்பட்டது. மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். பழைய வயர்களுக்கென்று ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வெயிலில் இளகிய ரப்பரும், பல வருடத்துத் தூசியும், கொஞ்சம் கருகிய பிளாஸ்டிக்கும் சேர்ந்த வாசனை. அதற்குள் கையை விட்டுத் துழாவியபோது விரலில் பட்டது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு வெள்ளைப் பொருள். அதன் முதுகில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் துண்டு. பிளாஸ்டரில் என் கையெழுத்தில் ஒரு தேதி. ஆண்டின் கடைசி எண் மட்டும் வியர்வையிலோ எண்ணெயிலோ அழிந்துபோயிருந்தது.

"இன்னா சார் இது, பென்டிரைவா?" என்றார் தம்பி.

"இதுவும் ஒரு போன்தான், தம்பி" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. பல வருடங்களுக்கு முன்னால், ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகைப் போர்ஷனில், மாரீஸ்வரி என்ற பெண் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு குழந்தை தன் தாயைப் பிரியாமல் தப்பித்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இந்தத் தேதி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிளாஸ்டர் உங்களுக்குப் புரியாது.

வாங்குகிற பொருளில் எல்லாம் தேதி எழுதி ஒட்டுவது என் பழக்கம். பல்பு, பேட்டரி, துடைப்பம், சீப்பு எதையும் விடுவதில்லை. கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. எந்தப் பாகம் எப்போது உள்ளே வந்தது என்று அட்டை மாட்டி மாட்டி, வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. புத்தகங்களில் வாங்கிய தேதி, படித்து முடித்த தேதி, இரண்டாவது முறை படித்த தேதி எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட மனிதன் வாங்கிய முதல் கம்ப்யூட்டர் எப்படி இருந்தது தெரியுமா? அதற்குத் தேதியே தெரியாது. ஒவ்வொரு நாள் காலையும் அதை ஆன் செய்தால் திரையின் மூலையில் ஜனவரி ஒன்று. எனக்குத் தினமும் புத்தாண்டு. ஆடி மாதக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டிருக்கும், என் கம்ப்யூட்டருக்குள் புத்தாண்டு பிறந்திருக்கும்.

தினமும் தேதியைத் திருத்தித் திருத்தி வைத்தேன். அப்புறம் சில இணையதளங்கள் திறக்கவே மறுத்தன. பாதுகாப்பு இல்லை என்று சிவப்பு எழுத்தில் மிரட்டின. வைரஸ் என்று நினைத்து முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போட்டேன், ஒரு தடவை அல்ல. கடைசியில் பார்த்தால் விஷயம் ஒன்றுமே இல்லை. சிபியு பெட்டிக்குள், மதர்போர்டில், எட்டணாக் காசு அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும். கரண்டு இல்லாத நேரத்தில் நாளையும் மணியையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போனால் கம்ப்யூட்டருக்கு மறதி வந்துவிடும். கடிகாரக் கடையில் கிடைக்கிற பேட்டரிதான். மாற்றினேன், தேதி நின்றது, தளங்கள் திறந்தன. புதிய பேட்டரியின் மேலேயே பொடி எழுத்தில் தேதி எழுதிவைத்தேன். அது அவசியமில்லைதான்.

அந்த ஒரு பேட்டரியால் எங்கள் வரிசையில் நான் கம்ப்யூட்டர் டாக்டர் ஆனேன். எப்படிப்பட்ட டாக்டர் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

அது வடக்குப் பார்த்த வீட்டு வரிசை. ஒட்டினாற்போலப் போர்ஷன்கள். ஒவ்வொன்றும் ரயில் பெட்டி மாதிரி முன்னறை, நடு அறை, அடுப்படி என்று நீளமாகப் போகும். அடுப்படிக் கதவைத் திறந்தால் எல்லாருக்கும் பொதுவான பின்பக்கம், அங்கே ஒரு துவைக்கிற கல். நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டணத்துக்காரன். பக்கத்துப் போர்ஷனில் சாத்தூர்க்காரர்கள், மாரீஸ்வரியின் குடும்பம். அதற்கு அடுத்து தளியிலிருந்து வந்த, வீட்டில் கன்னடம் பேசுகிற ஒரு குடும்பம். கடைசிப் போர்ஷனில் வீட்டுக்காரம்மா லட்சுமம்மா. அவருக்கு வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். காலையில் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக முனையில் வந்து ஹாரன் அடிக்கும். அந்த ஹாரனை வைத்தே யார் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம்.

லட்சுமம்மாவுக்கும் என் வைத்தியத்துக்கும் முதல் சந்திப்பு ஒரு ஷாக்கில் நடந்தது. வாடகை விஷயமாக என் போர்ஷனுக்கு வந்தவர், சிபியு பெட்டியின் மேல் கையை ஊன்றினார். வெறுங்கால், ஈரத் தரை. "தேள் கொட்டுது நாயனா" என்று கையை உதறினார். அவருக்கு எல்லாரும் நாயனாதான், தெலுங்கில் அப்பா என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் பழுது இல்லை, வீட்டுக்கு எர்த் சரியில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. மீட்டர் பெட்டிக்குக் கீழே எர்த் குழி காய்ந்து வெடித்துக் கிடந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கம்பியைச் சோதிக்கச் சொல்லி, கரியும் உப்பும் போட்டுக் குழியை நிரப்பித் தண்ணீர் ஊற்றினோம். கொட்டுவது நின்றது. அன்றிலிருந்து வெயில் காலத்தில் துளசி மாடத்துக்கு ஊற்றிய கையோடு எர்த் குழிக்கும் ஒரு சொம்பு ஊற்றுவார் லட்சுமம்மா. வருகிறவர்கள் அங்கே ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற நண்பர்களுக்கெல்லாம் நான் இன்றும் முதலில் சொல்வது இதைத்தான். முதலில் எர்த்தைப் பாருங்கள், மூன்று முள் பிளக்கில் மேல் முள்ளை உடைத்துவிட்டுச் சொருகாதீர்கள்.

சரி, போனுக்கு வருகிறேன். ஓசூரில் அந்த நாட்களில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்குக் கர்நாடகம் கூப்பிடு தூரம். ரோட்டில் செக்போஸ்ட் இருந்தது, காற்றில் இல்லை. எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றால் போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும். உடனே ஒரு மெசேஜ் வரும், கர்நாடகத்துக்கு உங்களை வரவேற்கிறோம் என்று. வாசல் தெளிக்கப் போனாலும் வரவேற்பு, செய்தித்தாள் எடுக்கப் போனாலும் வரவேற்பு. ஒரு நாளும் யாரும் அதைப் படித்ததில்லை, அழித்துவிடுவோம். ரோமிங்கில் வருகிற அழைப்புக்கும் காசு. அதனால் எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. போன் அடித்தால் எடுக்கக் கூடாது. முன்னறை, நடு அறை, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்பக்கம் ஓடி, துவைக்கிற கல் அருகே நின்று எடுக்க வேண்டும். அங்கே வீடுகளின் மறைப்பில் கர்நாடகம் மங்கிவிடும், ஊர்ப்பக்கத்து டவர் மெலிசாக வரும். வெறும் இரண்டு கோடு. ஆனாலும் நம்முடையது.

கல்யாணச் செய்தியும் கடன் செய்தியும் பையனுக்கு வேலை கிடைத்த செய்தியும் அந்தக் கல்லருகேதான் வந்தன. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கன்னடமே தெரியாத கருப்பசாமி, "நீவு கரெ மாடிருவ சந்தாதாரரு" என்று போனில் வருகிற, நீங்கள் அழைத்த சந்தாதாரர் என்று தொடங்கும் அந்த அறிவிப்பை மட்டும், அதில் பேசுகிற அம்மாவின் குரலிலேயே அழகாகச் சொல்வார்.

கருப்பசாமிதான் மாரீஸ்வரியின் கணவர். உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாரீஸ்வரி பி.காம் படித்தவர், கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதியவர். கணக்கில் எங்கே பிசகு இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும் என்று கருப்பசாமி பெருமையாகச் சொல்வார், பக்கத்திலேயே கொஞ்சம் பயத்தோடும். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது என்கிற வயது. எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

ஒருவர் சம்பளத்தில் ஓடவில்லை. மாரீஸ்வரி வேலைக்குப் போவது என்று முடிவானது. கிடைக்கிற வேலை என்றால் விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற கார்மென்ட்ஸ்தான். அப்படியானால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, சாத்தூரில் அம்மா வீட்டில் விட வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்ப் பார்க்கலாம். இன்னொரு வழியும் வந்தது. பெங்களூரில் ஒரு அலுவலகம், வீட்டிலிருந்தே கணக்குப் பில்களைச் சரிபார்த்துக் கொடுக்க ஆள் எடுத்தது. இணையத்திலேயே ஒரு மணி நேரத் தேர்வு. தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனில் ஒருவர் கேள்வியும் கேட்பார். இடையில் லைன் அறுந்தால் தேர்வு மூடிக்கொள்ளும், ஏனென்றால் வேலைக்கே லைன் அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். மூன்று முறைதான் எழுத விடுவார்கள்.

கருப்பசாமி பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். அதைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மானிட்டருக்கு ஜன்னலோர சீட் கொடுத்திருந்தார். கூடவே ஒரு யுபிஎஸ், கம்ப்யூட்டரில் சொருகினால் காற்றிலிருந்து இணையம் பிடித்துக் கொடுக்கிற ஒரு டாங்கிள். 3ஜி எங்கள் ஊருக்கு வந்து சூடு ஆறாத சமயம் அது. எல்லாவற்றையும் பொருத்திக் கொடுக்க டாக்டரான என்னைக் கூப்பிட்டார்கள். டாங்கிளை வீட்டுக்குள் ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்னறை ஜன்னலில் வைத்ததும் ஐந்து கோடும் நிமிர்ந்து நின்றன. "அஞ்சு பாயிண்ட்டு, இதுக்கு மேல இன்னா வேணும்" என்று ஜன்னல் கம்பியிலேயே கட்டி, முதுகில் தேதியும் ஒட்டிவிட்டு வந்தேன்.

முதல் தேர்வில் பாதியில் லைன் அறுந்தது.

நான் வந்து பார்த்தபோது ஐந்து கோடு அப்படியே நின்றது. ஆகவே தவறு கம்ப்யூட்டரில்தான் என்று தீர்மானித்தேன். பெட்டியைத் திறந்தேன். பஞ்சு மெத்தை மாதிரி தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். நினைவகமான ராம் பலகையைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். இது நல்ல வைத்தியம், கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தி, திரை வராமல் நின்றால் செய்து பாருங்கள். இங்கே அது தேவையே இல்லை. டாங்கிளைப் பின்பக்க யுஎஸ்பி துளைக்கு மாற்றினேன். விண்டோஸை மறுபடி போட்டேன். எல்லாம் முடிந்து பார்த்தால் இணையம் அருமையாக வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது தேர்வில் முக்கால்வாசி போய் அறுந்தது.

 அன்று கருப்பசாமி பரணிலிருந்து ஒரு பையை இறக்கித் துடைத்து வைத்தார். பாப்பாவின் சட்டைகளை மாரீஸ்வரி அதில் அடுக்குவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். பாப்பா அடுக்கியதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. கடைசித் தேர்வுக்கு நாள் வாங்கியிருந்தார்கள், அதுவும் போனால் அதற்கு அடுத்த ஞாயிறு சாத்தூர்.

"லைன் நிக்காட்டி பாப்பாவ அங்கிட்டு விட்டுட்டு வந்துருவோம்ணே" என்றார் மாரீஸ்வரி. "நான் படிச்சதெல்லாம் இந்தக் கம்பியிலயா தொங்கணும்?"

 டாங்கிளைக் கழற்றி ஊதிவிட்டு மறுபடி சொருகினேன். டாக்டருக்கு வேறு என்ன தெரியும்?

மறுநாள் மத்தியானம். நான் அவர்கள் முன்னறையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து கோடு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணையம் என் கண்ணெதிரிலேயே நின்றது. கோடுகள் குறையவில்லை. அந்த நேரத்தில் லட்சுமம்மாவின் போன் அடித்தது. அவர் அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கிருஷ்ணகிரியில் இருக்கிற மகள். கீரையைப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, அடுப்படி தாண்டிப் பின்பக்கம் ஓடினார். போகிற போக்கில், "இந்தக் கர்நாடகாக்காரன் என் வாசல்லயே குடியிருக்கான், வாடகையும் குடுக்கல" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் சிரித்தேன். மாரீஸ்வரி சிரிக்கவில்லை. பின்பக்கக் கதவையே பார்த்தார், அப்புறம் ஜன்னலில் கட்டியிருந்த டாங்கிளைப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்குள்ளயும் சிம்முதான இருக்கு?"

"ஆமாம்."

"அப்ப இதுவும் ஒரு போன்தானண்ணே. நாமெல்லாம் பேசறதுக்குப் பின்னாடி ஓடுறோம். இதை மட்டும் எதுக்கு முன்னாடி கட்டி வச்சிருக்கோம்?"

நான் டாங்கிளுக்கான மென்பொருளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகளுக்குக் கீழே, பொடி எழுத்தில், டவரின் பெயர் இருந்தது. கம்பெனி அதே கம்பெனிதான். பக்கத்தில் கர்நாடகா என்றும், அதன் அருகே ரோமிங் என்பதற்கு ஒரு ஆர் எழுத்தும். வாங்கின நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. எங்கள் சிம்முக்குத் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் இணையம். டாங்கிள் கொஞ்ச நேரம் நம் டவரில் இருக்கும், பலமான சிக்னலைக் கண்டதும் அந்தப் பக்கம் தாவும், தாவியதும் இணையம் நின்றுவிடும், கோடு மட்டும் ஐந்தும் நிமிர்ந்து நிற்கும். காற்றில் இருக்கிற எல்லையைப் பற்றி எங்கள் வரிசையில் பாப்பாவுக்குக்கூடத் தெரியும், போன் அடித்தால் அது பின்பக்கக் கதவைக் காட்டும். ஆனால் டாங்கிளைப் போன் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது கம்ப்யூட்டரில் சொருகியிருந்ததே!

லட்சுமம்மா பேசி முடித்து வந்தார். விஷயத்தைச் சொன்னோம். "அப்ப கம்ப்யூட்டரத் தூக்கி அடுப்படில வெய்யி" என்றார். அவருக்கு அது கீரைக்கட்டை நகர்த்துவது போல.

அப்படித்தான் செய்தோம். நீளமாக ஒரு யுஎஸ்பி வயர் போட்டு டாங்கிளை மட்டும் பின்னால் கொண்டுபோனால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த வயருக்கு ஓர் அளவு உண்டு. நாலைந்து மீட்டரைத் தாண்டினால் டாங்கிளுக்குப் போகிற கரண்டும் மெலியும், தகவலும் சிதறும், சில சமயம் டாங்கிள் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் கம்ப்யூட்டரே போனது. அடுப்பும் சிலிண்டரும் நடு அறைக்கு வந்தன, அடுப்பு மேடையில் மானிட்டர் உட்கார்ந்தது. மிக்சி சொருகுகிற பிளக்கில் யுபிஎஸ். அஞ்சறைப்பெட்டி இருந்த இடத்தில் மவுஸ். டாங்கிளின் அமைப்பில் போய், தானாக டவர் தேடுவதை நிறுத்தி, நம் டவரைக் கையால் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இனி அது தாவாது. முன்னறையிலேயே இதைச் செய்திருக்கலாம்தான், ஆனால் அங்கே நம் டவர் வந்து வந்து போகும், ஒரு மணி நேரம் தொடர்ந்து நிற்காது.

அடுப்படியில் இரண்டு கோடு. சில நேரம் ஒன்று. இது போதுமா என்று எனக்குப் பயம். அப்போதுதான் எங்கோ படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. டாங்கிளுக்குப் பின்னால் குழிவான உலோகப் பாத்திரம் வைத்தால், டிஷ் ஆன்டெனா போல அது சிக்னலைக் குவித்துக் கொடுக்கும். அன்று சாயங்காலம் மாரீஸ்வரி வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றும் பின்பக்கம் வந்து பரீட்சை எழுதியது. இட்லித் தட்டு தோற்றது. வாணலி பரவாயில்லை, ஆனால் கனத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டது. குண்டான் மூடியால் ஒரு பயனும் இல்லை. கருப்பசாமி ஷிப்ட் முடிந்து வந்து, பின்பக்கம் பாத்திரமாகப் பரப்பிக்கிடப்பதைப் பார்த்து, "என்னண்ணே, பாத்திரக்கடை போடப் போறமா?" என்று கேட்டார். கடைசியில் லட்சுமம்மா தன் வீட்டு மாவுச் சல்லடையைக் கொண்டுவந்தார். கம்பி வலை போட்ட பெரிய சல்லடை, நடுவில் லேசாகத் தொய்ந்து குழிந்தது. அதன் நடுவில் டாங்கிளைக் கட்டி, சின்ன யுஎஸ்பி வயரில் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, ஊர்ப்பக்கமாக மெல்லத் திருப்பினோம். மாரீஸ்வரி உள்ளேயிருந்து, "ரெண்டு, ரெண்டு, மூணு, இன்னும் இங்கிட்டு, போச்சு, பழையபடி திருப்புங்க, நாலு, கை எடுத்துருங்க" என்றார்.

கை எடுத்துவிட்டோம். நாலு கோடு. நான்கும் சொந்த டவர்.

இன்னொரு பயமும் இருந்தது. மின்வெட்டு. அந்த நாட்களில் கரண்டு எப்போது போகும் என்பதற்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தைத் தவிர மற்ற நேரத்திலும் போகும். கருப்பசாமி வாங்கிவந்த யுபிஎஸ்ஸில் பேட்டரி எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. யுபிஎஸ் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான், பச்சை விளக்கு எரிகிறது என்பதை நம்பக் கூடாது. முக்கியமான வேலை எதுவும் இல்லாத நேரத்தில் மெயினை நிறுத்திப் பாருங்கள், எத்தனை நேரம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். நான் நிறுத்திப் பார்த்தேன். ஒரு பீப், அவ்வளவுதான், எல்லாம் அணைந்தது. என் வீட்டு யுபிஎஸ்ஸைக் கொண்டுவந்தேன். அதன் பேட்டரியில் நான் எழுதிய தேதி அப்போதுதான் போன தீபாவளியை ஒட்டியது. என் தேதிப் பைத்தியத்தைக் கேலி செய்துகொண்டிருந்த கருப்பசாமி அதைப் படித்துவிட்டு, "உங்க கிறுக்குக்கும் ஒரு நாள் வந்துருச்சுண்ணே" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஸ்பீக்கர், டேபிள் ஃபேன் எதையும் அதில் சொருக வேண்டாம், கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும், மானிட்டர் வெளிச்சத்தையும் குறைத்துவையுங்கள் என்று சொல்லிப் பொருத்தினேன்.

தேர்வு நாள் காலையில் லட்சுமம்மா வரிசை முழுவதும் நடந்து உத்தரவு போட்டார். அந்த ஒரு மணி நேரம் போர்வெல் மோட்டார் கிடையாது, போட்டால் வோல்டேஜ் இறங்கும். மிக்சி, கிரைண்டர் கிடையாது. துவைக்கிற கல்லில் யாரும் துவைக்கக் கூடாது, சத்தம் ஹெட்போனில் போகும். தளி வீட்டு அம்மாவிடம் கன்னடத்திலும் எங்களிடம் தமிழிலும் சொன்னார். எந்தக் கம்பெனி தொழிற்சங்கமும் இவ்வளவு கட்டுப்பாடாக வேலை நிறுத்தம் செய்து நான் பார்த்ததில்லை. பாப்பா லட்சுமம்மாவின் இடுப்பில் இருந்தது.

மாரீஸ்வரி அடுப்படியில், அடுப்பு இருந்த இடத்துக்கு எதிரே, ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். அந்தப் பக்கம் பேசியவர் தமிழ் தெரிந்தவர். நானும் கருப்பசாமியும் வெளியே சுவரோரம் நின்றோம். ஜன்னலில் சல்லடை. காற்று அடித்தபோதெல்லாம் அது கொஞ்சம் திரும்பப் பார்த்தது, கருப்பசாமி இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார், அசையவில்லை. பாதிக்கு மேல் போயிருக்கும். கரண்டு போனது.

யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. நிறுத்தி நிறுத்தி, பிடிவாதமாக. கருப்பசாமி கண்ணை மூடிக்கொண்டார், விரலை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும். மாரீஸ்வரியின் குரல் ஜன்னல் வழியே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கரண்டு போயிருச்சு சார். அது யுபிஎஸ். அது கத்துற வரைக்கும் நான் லைன்ல இருப்பேன். நீங்க அடுத்தது கேளுங்க."

கேட்டார்கள். பதில் சொன்னார். அது கத்திக்கொண்டே இருந்தது. என் காதுக்கு அன்று அதைவிட இனிமையான சங்கீதம் இல்லை. ஒவ்வொரு பீப்புக்கும் அந்தத் தீபாவளித் தேதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மாரீஸ்வரி கடைசிப் பொத்தானை அழுத்தி, பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்ததை வாசித்துச் சொல்லி, வெளியே வந்து தண்ணீர் குடித்தார். அதற்கு அப்புறமும் யுபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டுத்தான் நின்றது. லட்சுமம்மா, "இப்ப மோட்டார் போடலாமா?" என்று கேட்டார். கரண்டு இல்லை என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

முடிவு சில நாள் கழித்து வந்தது. சாயங்காலம், எல்லாரும் வாசலில். மாரீஸ்வரி பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பெங்களூர் எண். அவர் எழுந்து ஓடினார். முன்னறை, பை இருந்த நடு அறை, கம்ப்யூட்டர் இருந்த அடுப்படி எல்லாம் தாண்டி, துவைக்கிற கல்லருகே போய் நின்று எடுத்தார். எல்லாக் கதவும் திறந்திருந்தன. வாசலிலிருந்து பார்த்தால் நீண்ட இருட்டுக்கு அந்தக் கோடியில், வெளிச்சத்தில், அவர் முதுகு மட்டும் தெரிந்தது. தலை அசைகிறதா என்று பார்த்தோம். அசைந்தது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கருப்பசாமி சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மாரீஸ்வரி திரும்பி மெதுவாக நடந்து வந்தார். வாசலுக்கு வந்து குழந்தையைத் தூக்கினார்.

"பாப்பா எங்கயும் போகல" என்றார்.

லட்சுமம்மா, "மன பில்ல, மன பில்ல" என்று எல்லாரிடமும் சொன்னார், நம்ம பொண்ணு என்று. அது தாயையா குழந்தையையா என்று நாங்கள் கேட்கவில்லை. கருப்பசாமி முனைக் கடைக்கு ஓடி, இருந்த பால்கோவாவையெல்லாம் வாங்கிவந்தார். சாத்தூருக்கென்று எடுத்து வைத்த பையிலிருந்து அன்றிரவே பாப்பாவின் சட்டைகள் வெளியே வந்தன, உள்ளே பழைய வயர்களும் சிடிகளும் குடியேறின. வேறு எதற்கும் அந்தப் பை அப்புறம் பயன்படவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். டாங்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரைப் பின்னால் நகர்த்தினார்கள். ஒவ்வோர் அடுப்படி ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு சல்லடை, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி. புதிதாகக் குடிவந்த ஒருவர், இது கண் திருஷ்டிக்கா என்று லட்சுமம்மாவிடம் கேட்டாராம். "ஆமா நாயனா, கர்நாடகா திருஷ்டி" என்றாராம் அவர். எனக்கு மறுபடி டாக்டர் பட்டம் கிடைத்தது. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி மட்டும் மாறியிருந்தது. எத்தனை கோடு என்று கேட்பதை விட்டுவிட்டேன், யாருடைய கோடு என்று கேட்டேன்.

இன்று அந்த வரிசை வீடுகள் இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி. துவைக்கிற கல் எங்கே போனதென்று தெரியவில்லை. டாங்கிளின் காலம் முடிந்தபோது மாரீஸ்வரி அதை என்னிடமே கொடுத்துவிட்டார். ரோமிங் ஒழிந்தது. சில மாதங்களுக்கு முன் பெங்களூருக்குப் பஸ்ஸில் போனேன். சூசூவாடி தாண்டியது, கர்நாடகத்து அத்திப்பள்ளி வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் என்னை எங்கும் வரவேற்கவில்லை. ரோட்டில் எல்லை இருந்தது, காற்றில் இருந்த எல்லை போய்விட்டது.

போன வாரம் ஃபைபர் தம்பி வேலை முடித்துப் போனதும், ரூட்டருக்கு அவர் வைத்துவிட்டுப்போன சுலபமான பாஸ்வேர்டை மாற்றினேன். நீங்களும் மாற்றுங்கள். ரூட்டரின் முதுகில் தேதி எழுதி ஒட்டினேன். அப்புறம் சோதித்துப் பார்க்க மாரீஸ்வரிக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். பாப்பாதான் எடுத்தது. பிளஸ் டூ படிக்கிறது. அவர்கள் இப்போது ஓசூரிலேயே நாலாவது மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். மாரீஸ்வரி அதே பெங்களூர் அலுவலகத்தில் இன்றைக்குப் பலருக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறார். அம்மா எங்கே என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு ஆபீஸ் கால் வந்துச்சு மாமா" என்றது பாப்பா. "முக்கியமான கால்னா கிச்சனுக்கு ஓடிடுவாங்க. ஹால்ல ஃபுல் சிக்னல் இருக்கு, ஆனா கேக்கவே மாட்டாங்க. ஏன்னே தெரில."

கேமராவைத் திருப்பிக் காட்டியது. கூடத்துக்கு அந்தப் பக்கம், அடுப்படி வெளிச்சத்தில், மாரீஸ்வரியின் முதுகு தெரிந்தது. பாப்பாவுக்கு ஏன் என்று தெரியாது. தெரியாமலேயே அம்மா பக்கத்தில் வளர்ந்துவிட்டது.